ஆரணி ரோட்டில் கேட்ட விசில்

அன்று நடந்ததில் பாதி போலீஸ் ஸ்டேஷன் ரிக்கார்டில் இருக்கிறது. தேதி, நேரம், வண்டி நம்பர், என் பெயர், என் லைசென்ஸ் நம்பர் எல்லாவற்றையும் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். மீதிப் பாதியை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், குடித்திருந்தாயா என்று கேட்டிருப்பார்கள். நான் குடிக்கிறவன் இல்லை. ஒன்பது வருஷமாக நெஞ்சுக்குள் கிடக்கும் அந்த மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை.

1967ஆம் வருஷம். நவம்பர் பதினேழு. வெள்ளிக்கிழமை.

என் பெயர் துளசிராமன். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் பிரைவேட் பஸ்ஸில் டிரைவர். பெரியபாளையம், ஆரணி, புதுவாயல், கவரைப்பேட்டை வழி. கம்பெனி பெயர் வேண்டாம். முதலாளி ஒருநாளும் என்னை வேகமாக ஓட்டச் சொன்னதில்லை. யாருமே சொன்னதில்லை.

நானாகத்தான் ஓட்டினேன்.

அந்த ஆசையை எப்படிச் சொல்வது? ஸ்பீடாமீட்டர் முள் நாற்பது மைலைத் தாண்டும்போது ஸ்டியரிங் லேசாக நடுங்க ஆரம்பிக்கும். அந்த நடுக்கம் கையில் ஏறி, தோளில் ஏறி, நெஞ்சுக்குள் வரும். இரண்டு பக்கமும் புளியமரங்கள் ஓடிவந்து ஓடிப்போகும். உலகத்தில் என்னைவிடப் பெரியவன் யாரும் இல்லை என்று தோன்றும். ஜனங்களும் அதற்குத் தகுந்தாற்போல் இருந்தார்கள். "துளசி வண்டி வரட்டும்" என்று முன்னால் வரும் பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். எதிர் கம்பெனி வண்டியை நான் முந்தினால் உள்ளே கை தட்டுவார்கள். அந்தக் கைத்தட்டலுக்காக நான் எத்தனை வளைவில் எத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்தேன் என்று இப்போது கணக்குப் போட முடியாது.

கண்டக்டர் பெயர் துலுக்காணம். என் ஒரே தங்கை அங்காளம்மாளின் புருஷன்.

அவன் மெதுவான ஆள். சாப்பிடுவது மெதுவாக, நடப்பது மெதுவாக. டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, இறங்கும் இடத்தை இரண்டு தரம் சொல்வான். கிழவிகள் இறங்கினால் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டுத்தான் விசில் கொடுப்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

விசில் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்று ஊதினால் நிறுத்து. இரண்டு ஊதினால் போ. நான் வேகமாகப் போனாலும் துலுக்காணம் ஒன்று ஊதுவான். யாரும் இறங்க வேண்டியிருக்காது. பயந்துகொண்டு ஊதுவான், அவ்வளவுதான். நான் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்துவேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அங்காளம்மாள் இலையில் வடையை வைத்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள்:

"அண்ணா, நீ இன்னா ரேஸா ஓட்டுற? அவரு ஊட்டுக்கு வந்தாகூட கை நடுங்கிக்கினு கீது."

நான் பதில் சொல்வதற்குள் துலுக்காணமே குறுக்கே வந்தான்.

"சொம்மா இரு, அங்கா. மச்சான் கை நல்ல கை. எனுக்குத் தெரியாதா?"

அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு ஐந்து வயது. சின்னவள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

பதினாறு நாள் கழித்து அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

காலையிலிருந்தே மழை. திருவள்ளூரில் ஐந்தே கால் மணிக்கு வண்டியை எடுத்தேன். பெரியபாளையத்தில் கோயிலுக்கு வந்த கூட்டம் இறங்கி ஏறி, எட்டு நிமிஷம் தாமதம். எதிர் கம்பெனி வண்டி எங்களுக்கு மூன்று நிமிஷம் முன்னால் கிளம்பிப் போய்விட்டது. அதன் டிரைவர் முனிகிருஷ்ணன். என் வயதுக்காரன். ஜன்னல் வழியாக எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

போதாதா?

ஆறு முப்பத்தெட்டுக்குக் கிளம்பினேன். நேரம் இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்று கேட்கலாம். ரேஸ் ஓட்டுகிறவனுக்குக் கண் முள்ளிலும் கைக்கடிகாரத்திலும்தான் இருக்கும். எனக்கு ஸ்டாப்புக்கு ஸ்டாப் நேரம் பார்க்கிற வியாதி.

வண்டியில் பதினான்கு பேர். பின்பக்கம் கூரை ஒழுகியதால் எல்லாரும் முன்சீட்டுகளுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டியிருந்தது. உள்ளே ஒரே ஒரு பல்பு, அதுவும் முன்னால். பின்பக்கம் இருட்டு. வாசல் பின்னால்தான். அங்கே படிக்கட்டில் துலுக்காணம்.

இன்ஜின் பக்கத்து சீட்டில் பரசுராமன் என்ற ரைஸ் மில் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அடிக்கடி வருகிறவர்.

"துளசி, கவரைப்பேட்டைல ஏழு பதினெட்டு பாசஞ்சரு. கெடைக்குமா?"

"பிளாட்பாரத்துல நின்னு டீ குடிக்கலாம், சார்."

அவர் சிரித்தார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் காலை அழுத்தினேன்.

6.50. ஆரணி தாண்டினோம்.

அது ஒற்றைத் தார் ரோடு. இரண்டு வண்டி ஒதுங்க வேண்டுமென்றால் ஒரு வண்டி மண்ணில் சக்கரத்தை இறக்கியே ஆகவேண்டும். முன்னால் முனிகிருஷ்ணன் வண்டியின் சிவப்பு விளக்கு தெரிந்தது. ஹாரனை விடாமல் அழுத்தினேன். அவன் வழி விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் அவன்தான் மண்ணில் இறங்கினான். உரசாமல், ஒரு சாண் இடைவெளியில் முந்தினேன்.

6.54.

உள்ளே கை தட்டினார்கள். ஒருவர் சீழ்க்கை அடித்தார்.

பின்னாலிருந்து ஒரு விசில். துலுக்காணத்தின் பயந்த விசில்.

"மழ மச்சான்! மெதுவா போ!"

நான் திரும்பாமலே கத்தினேன்: "அவன் பின்னால வர்றானா பாரு, மாப்ள!"

"தெரியல மச்சான்!"

"எட்டிப் பாரு!"

இதுதான் நான் அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை. எட்டிப் பாரு. போலீஸ் ரிக்கார்டில் இது இல்லை.

ஆரணியிலிருந்து இரண்டாவது மைலில் ஒரு மதகு வரும். மதகைத் தொட்டதும் ரோடு வலது பக்கம் ஒடியும். முள் ஐம்பத்திரண்டில் இருந்தது. நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி முழுக்க இடது பக்கம் சாய்ந்தது. யாரோ "அம்மா" என்றார்கள். ஒரு கணம் வலதுபக்கச் சக்கரங்கள் தரையில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. பிறகு வண்டி நிமிர்ந்துவிட்டது.

தொப்...

பின்னால் ஏதோ ஒரு சத்தம். கேரியரில் மூட்டை சரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

6.57.

நிறுத்தவில்லை.

அடுத்த இரண்டு நிமிஷம் மழைச் சத்தம் மட்டும். வைப்பர் ஒரு பக்கம் போய் நின்று, யோசித்து, திரும்பி வந்தது.

6.59.

ப்ர்ர்ர்...

ஒரு விசில்.

கண்ணாடியில் பார்த்தேன். முன்சீட்டுத் தலைகள் மட்டும் தெரிந்தன. யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த இடத்தில் ஸ்டாப்பும் இல்லை. இவனுக்கு இதே வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னா மாப்ள?"

பதில் இல்லை.

துலுக்காணம் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்கமாட்டான். கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன். இருக்கட்டும். கவரைப்பேட்டையில் டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுவான்.

7.01.

ப்ர்ர்ர்ர்...

இந்தத் தடவை நீளமாக. ஆனால் அதில் வலு இல்லை. ஊத முடியாதவன் ஊதுவதுபோல. இன்னொன்றும் கவனித்தேன். முதல் விசில் பின்னாலிருந்து கேட்டது. இது வண்டிக்கு நடுவிலிருந்து கேட்டது.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். நடுவில் யாரும் நிற்கவில்லை.

"முன்னால பாத்து ஓட்டு, துளசி," என்றார் பரசுராமன். "எதுக்கு அப்பப்ப கண்ணாடியப் பாக்குற?"

"விசில் குடுத்துக்கினே கீறான், சார்."

"எந்த விசிலு?"

"இப்ப ஊதினானே?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கலியே."

மழைச் சத்தத்தில் அவர் காதில் விழுந்திருக்காது. அப்படித்தான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் கை வேர்த்தது. ஸ்டியரிங் வழுக்கியது. அந்தக் குளிரில்.

பின்னால், தூரத்தில், முனிகிருஷ்ணன் வண்டியின் வெளிச்சம் தெரிந்தது.

7.04.

என் வலது காதுக்குப் பக்கத்தில்...

யாரோ மூச்சை இழுத்தார்கள்.

விசில் ஊதுவதற்கு முன்னால் இழுப்பார்களே, அந்த மூச்சு. நனைந்த மூச்சு. உள்ளே ஏதோ களகளவென்று சத்தம் போட்டது.

என் வலது பக்கம் கதவு. கதவுக்கு வெளியே மழை.

ப்ர்ர்ர்...

காதுக்குள்ளேயே.

என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். கால் பிரேக் மேல் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். வண்டி நின்றிருக்கும். நான் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்திருப்பேன். மதகிலிருந்து மூன்றரை மைல்தான் வந்திருந்தோம்.

கண்ணாடியில் வெளிச்சம் கொஞ்சம் பெரிதாகியது.

முனிகிருஷ்ணன்.

காலை ஆக்ஸிலேட்டருக்கு மாற்றினேன்.

7.06. புதுவாயல் கூட்டு ரோடு. "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று ஒரு புருஷனும் பெண்சாதியும் தாங்களே குரல் கொடுத்தார்கள். நிறுத்தினேன். கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு இருட்டில் குதித்து ஓடினார்கள். நான் விசிலுக்குக் காத்திருந்தேன்.

7.07.

ப்ர்ர். ப்ர்ர்.

இரண்டு. சின்னதாக. எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல. கோபம் இல்லை அதில். களைத்துப்போன விசில்.

போ, மச்சான். அவ்வளவுதான்.

போனேன்.

அதற்குப் பிறகு விசில் வரவே இல்லை.

7.12. கவரைப்பேட்டை. பரசுராமன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சொன்ன மாதிரி புடிச்சிக் குடுத்துட்ட," என்று என் தோளைத் தட்டிவிட்டு ஓடினார். இன்னும் நாலு பேர் இறங்கினார்கள்.

இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

விசில் இல்லை.

ஒரு நிமிஷம்.

"மாப்ள! ரைட்டா?"

இரண்டு நிமிஷம்.

இறங்கிப் பின்னால் போனேன். மழை முகத்தில் அடித்தது. படிக்கட்டில் யாரும் இல்லை. மேல்படியின் ஓரத்தில், தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே, ஒரு செருப்பு சொருகிக் கிடந்தது.

ஒற்றைச் செருப்பு.

"கண்டக்டர் எங்க?" என்று உள்ளே கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். "ஆரணி தாண்டினப்புறம் இந்தப் பக்கம் வர்லியேப்பா. பின்னால படிக்கட்டாண்டதான் கீறாருன்னு நெனச்சோம்."

"விசில் ஊதினாரே? மூணு தபா... நாலு தபா..."

வண்டியில் மீதி இருந்த ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"விசிலே கேக்கலப்பா," என்றார் பெரியவர்.

வண்டியைத் திருப்பினேன். நாலு ஆம்பிளைகள் என்கூட வந்தார்கள். இரண்டு பேர் படிக்கட்டில் டார்ச் லைட்டோடு நின்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ரோட்டில் முதல் கியரில் போனேன். ஒவ்வொரு பர்லாங்கிலும் நிறுத்தினோம். ஒவ்வொரு பள்ளத்திலும் வெளிச்சம் அடித்தோம். "துலுக்காணம்! மாப்ளே!" என்று கத்தினேன். தவளைச் சத்தம்தான் திரும்பி வந்தது.

கவரைப்பேட்டை ஊர் எல்லையிலேயே முனிகிருஷ்ணன் எதிரே வந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்தவன், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். விஷயத்தைக் கேட்டதும் தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எங்களோடு ஏறினான்.

8.10. மதகு.

ரோட்டுக்குக் கீழே, வயல் வரப்பில், ஒரு அரிக்கேன் விளக்கு எரிந்தது. பக்கத்தில் தலையில் கோணி போட்ட ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் துலுக்காணத்தின் தலை.

நான் பள்ளத்தில் இறங்கியதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பவா நைனா வர்றே?" என்றாள். "உயிரு போயி ஒரு மணி நேரம் ஆவுதே..."

மேற்கொண்டு என்ன நடந்தது என்று எனக்குக் கோவையாக ஞாபகம் இல்லை. முனிகிருஷ்ணன்தான் அவனைத் தூக்கினான். பின்சீட்டில், கூரை ஒழுகும் இடத்தில் படுக்கவைத்தோம். முனிகிருஷ்ணன் தன் சட்டையைக் கழற்றி, துலுக்காணத்தின் முகத்தில் தண்ணீர் சொட்டாமல் பிடிக்கச் சொல்லி ஒரு ஆளிடம் கொடுத்தான். என்னை ஸ்டியரிங் பக்கம் போகவிடவில்லை. அவனே ஓட்டினான்.

அங்காளம்மாளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் விடிகாலையில் நின்றிருந்தாள். சின்னவள் இடுப்பில். பெரியவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. நான் அவள் காலில் விழப்போனேன். அவள் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அழவில்லை.

"அண்ணா, எத்தினி மைல்ல போய்க்கினு இருந்தே?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை.

"அம்பத்திரண்டு."

அவள் தலையை ஆட்டினாள்.

"அவரு ரொம்ப பயந்துட்டிருப்பாரு, இல்ல?"

அவ்வளவுதான் கேட்டாள். இதற்குமேல் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம்.

போலீஸ் விசாரணையில் எல்லாரும் எனக்குச் சாதகமாகச் சொன்னார்கள். "மெதுவாத்தான் போச்சு, சார்." "மழைல படிக்கட்டு வழுக்கிடுச்சி, சார்." முனிகிருஷ்ணனும் அதையே சொன்னான். பரசுராமன் தானாகவே பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. கேஸ் முடிந்துவிட்டது. வேலைக்கு வரச்சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க ஆபீஸுக்குப் போனேன். அப்படியெல்லாம் வாங்கிக்கொள்ள மாட்டோம், காலாவதியாகும் வரை வைத்துக்கொள் என்றார்கள். இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன். தங்கை வீட்டிலேயே இருக்கிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரியவள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். அப்பா எப்படி இறந்தார் என்று அவளுக்கு மழையைத்தான் காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை அவள் படித்தால் படிக்கட்டும்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

கருமாதி முடிந்த மறுநாள் ஆரணி ரோட்டுக்குப் போனேன். பஸ்ஸில் போகவில்லை. நடந்து போனேன். மதகுக்குப் பக்கத்து ஊரில் விசாரித்தபோது அந்தப் பெண்பிள்ளையின் வீட்டைக் காட்டினார்கள். பெயர் செங்கம்மாள். கூலி வேலை செய்கிறவள். ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள்.

"என் தங்கச்சி புருஷன்," என்றேன். "கடைசில இன்னா நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்."

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"ஆடு ஒண்ணு காணோம்னு தேடிக்கினு வந்தேன், நைனா. மழைக்கு மதகாண்ட ஒதுங்கி நின்னேன். பஸ்ஸு ஒண்ணு பேய் மாரி வந்துது. திரும்பச்சொல்ல ஏதோ வந்து உழுந்துது. மூட்டன்னு நெனச்சேன். கிட்ட போனா, மனுசன்."

"உயிர் இருந்துதா?"

"இருந்துது. பேச்சு வர்ல. நெஞ்சு நசுங்கிப் போயிருந்துது. கழுத்துல கயித்துல விசிலு கட்டிக்கினு இருந்தாரு. அத வாயில வெச்சி ஊதினாரு."

மோர்ச்செம்பைக் கீழே வைத்தேன்.

"நான் கிட்ட போகச்சொல்ல ஒரு தபா ஊதினாரு. அதுக்குள்ள ரெண்டாவது பஸ்ஸு வந்துது. நான் மேல ஏறி, கைய ஆட்டிக் கூவினேன். மழைல அவனுக்குத் தெரியல, பூட்டான். திரும்பி வந்தா, மறுபடி ஒரு தபா ஊதினாரு. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு தபா. ஆளக் கூட்டியாறேன்னு எழுந்தேன். என் சேலையப் புடிச்சிக்கினாரு. உடல."

"அப்புறம்?"

"ரொம்ப நேரமில்ல. கடைசியா ரெண்டு தபா ஊதினாரு. அடுத்தடுத்து. அதோட கை உட்டுடுச்சி."

வெளியே கோழி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. 6.59. 7.01. 7.04. 7.07. ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு. இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எப்படியாவது ஒரு காரணம் தேடினேன். மழைக்காற்றில் சத்தம் ரொம்ப தூரம் போகும் என்பார்கள். வெட்டவெளி. நாலு மைல். போகாதா?

"அந்த விசில் சத்தம் பெருசா கேட்டுதாம்மா?" என்று கேட்டேன். "ரொம்ப தூரத்துக்குக் கேட்டிருக்குமா?"

செங்கம்மாள் என்னை வியப்பாகப் பார்த்தாள்.

"சத்தமா? சத்தம் எங்க நைனா வந்துது? சேத்துல குப்புற உழுந்தாரு இல்ல. விசிலு உள்ள பூரா களிமண்ணு. அப்புறமா நான்தான் அத வாயிலேந்து எடுத்து போலீஸ்காரர் கைல குடுத்தேன். குச்சி உட்டு நோண்டினாகூட மண்ணு வர்ல."

"ஊதினாருன்னு சொன்னியேம்மா?"

"ஊதினாரு. கன்னம் உப்பும், கண்ணு பிதுங்கும். அவ்ளோதான். பக்கத்துல குந்திக்கினு கீற எனக்கே ஒண்ணும் கேக்கல. ஆனா அவரு ஒவ்வொரு தபா ஊதிட்டும் பஸ்ஸு போன பக்கமே பாத்துக்கினு இருந்தாரு நைனா... கேட்டுட்டு யாரோ திரும்பி வந்துக்கினு கீற மாரி."